துணிச்சலுக்கு விலை கொடுப்பது யார்?

பிப்ரவரி 4, இரவு 9.10 – ஒரு வாசகர்

பின்னட்டையில் "துணிச்சலான படைப்பு" என்று போடாத நாவலே இப்போது வருவதில்லை. என் கேள்வி எளியது. மேசை முன்னால் உட்கார்ந்து, இல்லாத ஆட்களைப் பற்றி நடக்காத கதையை எழுதுவதற்குத் துணிச்சல் எதற்கு? தீயணைப்பு வீரருக்கு வேண்டும், மலையேறுபவருக்கு வேண்டும். கதை எழுதுபவருக்கு வேண்டியது பொறுமையும் மொழியும் கொஞ்சம் நேரமும்தான். வாசகருக்கு அதுகூட வேண்டாம், நேரம் மட்டும் போதும். நான் சொல்வது தவறென்றால் யாராவது விளக்குங்கள்.

பிப்ரவரி 4, இரவு 11.35 – என் பதில்

தவறுதான்.

சோவியத் எழுத்தாளர் வசீலி கிராஸ்மன் 1960இல் "வாழ்வும் விதியும்" என்ற பெரிய நாவலை முடித்து மாஸ்கோ பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்தார். ஸ்டாலின்கிராட் போர்க்காலக் கதை. நாஜி முகாமையும் சோவியத் முகாமையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் கதை. 1961 பிப்ரவரியில் உளவுத் துறையினர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவரைத் தொடவில்லை, நாவலைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். தட்டச்சுப் பிரதி, கார்பன் பிரதி, குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்தார்கள். கடைசியில் தட்டச்சு இயந்திரத்தின் மை நாடாவையும் விட்டுவைக்கவில்லை. இந்த நாவல் இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு வெளிவர முடியாது என்று கட்சி மேலிடத்தில் அவருக்குச் சொல்லப்பட்டது. 1964இல் அவர் இறந்துபோனார். நண்பர்கள் ஒளித்துவைத்திருந்த பிரதிகளால் நாவல் பிழைத்து, 1980இல் சுவிட்சர்லாந்தில் அச்சானது.

நடக்காத கதை என்றால் மை நாடாவை எதற்குக் கழற்றினார்கள்?

பிப்ரவரி 5, காலை 6.50

இரவு எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். தகவலில் பிழையில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. ஓர் அரசு எவ்வளவு பயந்தது என்பதற்கு மை நாடா சாட்சி. எழுதிய மேசையில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. தடை செய்யப்பட்ட எழுத்தெல்லாம் நல்ல எழுத்தாகிவிடாது. யாரும் சீண்டாத கதைக்குள்ளும் எழுதியவரின் கை நடுங்கிய இடம் ஒன்று இருக்கலாம்.

அந்த நடுக்கத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். யாரைத் திட்டினால் நம் வட்டத்தில் கைதட்டல் விழும் என்று தெரிந்துகொண்டு திட்டுவதைத் துணிச்சல் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்ட வார்த்தையும் படுக்கையறையும் ஒரு காலத்தில் நெருப்பாக இருந்தன. இன்று பல பத்திரிகைகளில் அவை வரவேற்பு வாசகம்.

என் அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். படுத்த படுக்கையாகிவிட்ட தாயைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் மகள், ஓர் இரவு துணி மாற்றிவிட்டுக் கை கழுவும்போது, "இன்றைக்கே முடிந்துவிட்டால் நான் தூங்கலாம்" என்று நினைக்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு மூன்று நாள் அடித்தேன், மறுபடி எழுதினேன், அடித்தேன். அச்சில் வந்த பிறகு முகம் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. "நானும் நினைத்தேன். யாரிடமும் சொன்னதில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் துணிச்சல் என்றுதான் சொல்வேன்.

பிப்ரவரி 5, இரவு 10.20

வாசகருக்கு நேரம் மட்டும் போதும் என்று சொன்னவருக்கு.

தஸ்தயேவ்ஸ்கியின் "குற்றமும் தண்டனையும்" நாவலில் கொலை முடிந்த அடுத்த சில பக்கங்களைப் படித்திருக்கிறீர்களா? கிழவியும் அவள் தங்கையும் உள்ளே செத்துக் கிடக்கிறார்கள். ரஸ்கோல்னிகோவ் கையில் கோடாலியோடு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறான். அந்தப் பக்கம் கிழவியைத் தேடி வந்தவர் மணியை இழுக்கிறார், கதவைப் பிடித்து உலுக்குகிறார். உள்கொக்கி குழியில் கிடந்து ஆடுகிறது. அவன் அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கி கழன்றுவிடக் கூடாதே என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்த நேரத்தில் வீட்டில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். "சத்தம் போடாதே, வெளியே ஆள் நிற்கிறது" என்று பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டு பெண்களைக் கோடாலியால் வெட்டியவன் பிடிபடக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இருபத்தி நான்கு வயதில் நான் நல்லவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் அது கழன்றது. அன்று புத்தகத்தை மூடி, முதுகு தெரியாதபடி அலமாரியில் திருப்பி வைத்தேன். மீண்டும் எடுக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. அதற்கு நேரம் மட்டும் போதவில்லை.

பிப்ரவரி 6, காலை 7.05

ஒன்று விட்டுப்போனது. அந்த நாவலை அவர் முதலில் கொலைகாரனே "நான்" என்று சொல்லும்படிதான் எழுதிக்கொண்டிருந்தார். 1865 நவம்பரில், கணிசமாக எழுதி முடித்திருந்ததை எரித்துவிட்டுப் படர்க்கையில் புதிதாகத் தொடங்கினார். கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம், பத்திரிகைக்குக் கெடு வேறு. கையில் இருப்பதைக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கலாம்.

எழுதியது சரியில்லை என்று தெரிந்த பிறகு அதைக் கைவிடுவது இருக்கிறதே, எனக்கு அதுதான் ஆகக் கடினம். அடித்தால் வலிக்கும் என்று தெரிந்த பத்தியை அடிப்பது.

பிப்ரவரி 7, மாலை 5.30

"பிடிக்காத புத்தகத்தை மூடிவைப்பது வாசகரின் உரிமை, அதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்லலாம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லவில்லை. மூடிவைக்கலாம். 2016 ஜூலை 5 அன்று பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் ஏறத்தாழ அதைத்தான் சொன்னது: பிடிக்கவில்லை என்றால் படிக்காதீர்கள், எழுத்தாளரை எழுத விடுங்கள்.

அந்த விவகாரத்தில் என்னை இன்றும் தொந்தரவு செய்வது வேறொன்று. அவருடைய "மாதொருபாகன்" 2010இல் வந்த நாவல். நான்கு ஆண்டுகள் அமைதியாகத்தான் விற்றது. 2014 டிசம்பரில் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்து வினியோகிக்கப்பட்டன. குழந்தை இல்லாத காளியும் பொன்னாவும் ஊர்வாய்க்கு நடுவில் வாழும் வாழ்க்கை முழுதும் கழற்றப்பட்டு, அந்தப் பக்கங்கள் மட்டும் கை மாறின. அடுத்த மாதமே தனக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார்.

புத்தகத்தை மூடிவைத்தவரோடு எனக்கு வழக்கில்லை. நான்கு பக்கங்களை மட்டும் திறந்தவரோடுதான் வழக்கு. ஒரு பாத்திரத்தோடு இருநூறு பக்கம் நடந்துவிட்டால் அவளைத் தண்டிக்க மனம் வராது. அதனால்தான் சிலருக்கு நகலெடுத்த பக்கங்கள் போதுமானதாக இருக்கின்றன.

பிப்ரவரி 8, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் எழுத்தாளரின் துணிச்சல் என்று பேசிக்கொண்டிருந்தேன். பட்டியல் போட்டுப் பார்த்தால் விலை கொடுத்தவர்களில் பாதிப் பேர் எழுதியவர்களே அல்ல.

டி. எச். லாரன்ஸ் 1930இல் இறந்துவிட்டார். அவருடைய "லேடி சாட்டர்லியின் காதலன்" நாவலை விற்றதற்காகப் பம்பாயில் ஒரு புத்தகக் கடைக்காரர் பெற்ற தண்டனையை 1964இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே நாவல் ஆபாசமல்ல என்று லண்டனில் நடுவர் குழு தீர்ப்புச் சொல்லி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சல்மான் ருஷ்டியின் "சாத்தானின் வசனங்கள்" நாவலை ஜப்பானிய மொழியில் பெயர்த்த ஹிதோஷி இகராஷி 1991 ஜூலையில், தான் பாடம் நடத்திய பல்கலைக்கழகக் கட்டடத்திலேயே கொல்லப்பட்டார். அதே நாவலை வெளியிட்ட நார்வே பதிப்பாளர் வில்லியம் நீகார்ட் 1993இல் ஆஸ்லோவில் சுடப்பட்டு, உயிர் பிழைத்து, தொடர்ந்து புத்தகம் போட்டார். கிராஸ்மனின் பிரதியை ஒளித்துவைத்திருந்த நண்பர்கள் பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ருஷ்டி பட்டது குறைவு என்று சொல்லவில்லை. 2022இல் மேடையில் கத்திக்குத்துப்பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒரு நாவலை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தன் மொழிக்குக் கொண்டுவந்து, அதற்காக உயிரையும் கொடுத்தார். "துணிச்சலான படைப்பு" என்ற பின்னட்டை வாசகத்தில் அவருக்கு இடம் எங்கே?

பிப்ரவரி 9, மதியம் 1.15

ஜெயகாந்தனை யாரோ ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார், நன்றி. 1966இல் ஆனந்த விகடனில் "அக்கினிப் பிரவேசம்" வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண் காரில் ஏறுகிறாள், கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அந்தத் தண்ணீருக்காகப் பெரிய சண்டையே நடந்தது.

நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. தாய் அப்படிச் செய்யாமல் அலறியிருந்தால்? ஊர் கேட்டிருந்தால்? அந்த "இருந்தால்" என்பதையே பிடித்துக்கொண்டு "சில நேரங்களில் சில மனிதர்கள்" எழுதினார். 1970இல் வந்தது. அதில் கங்காவுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. அண்ணன் வீட்டைவிட்டு வெளியே அனுப்புகிறான். அவள் படித்து, வேலைக்குப் போய், வளர்ந்த பெண்ணாக ஒரு பத்திரிகையில் தன் கதையையே வேறு முடிவோடு படிக்கிறாள்.

தான் எழுதிப் புகழும் வசையும் வாங்கிய முடிவு, பெரும்பாலான பெண்களுக்குக் கிடைக்காத முடிவு என்பதை ஓர் எழுத்தாளர் தன் அடுத்த நாவலுக்குள்ளேயே ஒப்புக்கொள்கிறார். இருபது வயதில் எனக்குத் தண்ணீர்தான் பிடித்தது. இப்போது, தண்ணீர் இல்லாத வீட்டுக்குள் திரும்பிப் போனதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பிப்ரவரி 12, இரவு 9.40

மூன்று நாள் எழுதவில்லை. அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன்.

பிப்ரவரி 5 காலைக் குறிப்பில் என் கதையைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றைச் சொல்லவில்லை. "இன்றைக்கே முடிந்துவிட்டால் நான் தூங்கலாம்" என்ற வாக்கியம் என்னுடையது அல்ல. ஓர் இரவு அக்கா தொலைபேசியில் என்னிடம் சொன்னது. எங்கள் அம்மாவை ஏழு வருடம் பார்த்துக்கொண்டது அவள். நான் வேறு ஊரில் இருந்தேன்.

கதை வந்தபோது அவளிடம் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. எப்போதாவது படித்திருப்பாளா என்று இத்தனை ஆண்டுகளும் எனக்குத் தெரியாது. கடைக்காரர், மொழிபெயர்ப்பாளர் என்று நீட்டி முழக்கிய இரவுதான் இந்த வாக்கியம் தொண்டையில் வந்து நின்றது. பத்திரிகைப் பிரதியை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பக்கத்தின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்தபடி, வரிவரியாக அந்த விரலைக் கீழே இறக்கிக்கொண்டே படித்தாள். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. மேலே போனது. மறுபடி இறங்கி அங்கேயே நின்றது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது நான் சொன்னது."

"ஆமாம் அக்கா."

"நான் அழுதுகொண்டே சொன்னேன். இவள் அழவில்லையே."

கதைக்கு அது தேவைப்பட்டது என்று ஏதோ சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மீதியையும் படித்து முடித்தாள். பிரதியை மடித்து என்னிடம் நீட்டிவிட்டு, சாதாரணக் குரலில் கேட்டாள்:

"இவளுக்குத் தங்கை கிடையாதா?"

பிப்ரவரி 12, இரவு 10.30

கதையில் அவள் ஒரே மகள். நான் எழுதும்போது அதற்குக் காரணம் வைத்திருந்தேன்: தனிமை கூடும், கவனம் சிதறாது. கதைக் கலைப்படி நல்ல காரணம்தான். ஆனால் உண்மையான காரணம் அக்கா கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. தங்கை என்று ஒருத்தி கதைக்குள் வந்திருந்தால் அவள் எங்கே இருந்தாள் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும்.

பாராட்டு எனக்கு வந்தது, ஆபத்து அவளுடையதாக இருந்தது. உறவில் யாராவது படித்து, தாய் சாக வேண்டும் என்று நினைத்தவள் என்று அவளைத்தான் பார்த்திருப்பார்கள். தொலைபேசியை வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிய என்னை யார் பார்த்திருப்பார்கள்? அவளுடைய இருட்டை எழுதினேன், என்னுடையதை அழித்தேன். கை நடுங்கியது உண்மை. நடுங்கியது எதற்காக என்பதில்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

முதல் கேள்வியைக் கேட்டவருக்கு: பிப்ரவரி 5இல் நான் சொன்ன உதாரணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். துணிச்சல் உண்டு என்பதைத் திரும்பப் பெறவில்லை.

பிப்ரவரி 14, காலை 8.00

"அப்படியானால் உறவுகளைப் பற்றி எழுதவே கூடாதா? அனுமதி வாங்கித்தான் எழுத வேண்டும் என்றால் இலக்கியமே இருக்காது" என்று இரண்டு பேர் கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் குடும்பத்துக்கு வேண்டிய இளைஞன் ஒருவன் 1951 ஜனவரியில் ஊரார் கண் முன்னால் வெட்டிக் கொல்லப்பட்டான். அதை எழுத வேண்டும் என்று மார்க்கேஸுக்கு அப்போதே கை துறுதுறுத்தது. கொலையுண்டவனின் தாய் உயிரோடு இருக்கும்வரை எழுதாதே என்று அவருடைய அம்மா கேட்டுக்கொண்டார். அவர் காத்திருந்தார். அந்தத் தாய் இறந்த பிறகு அம்மா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: அவனை என் மகன் என்று நினைத்து எழுது. நாவல் 1981இல் வந்தது. முப்பது ஆண்டுகள்.

காத்திருந்ததால் கதை நீர்த்துப்போகவில்லை. முதல் வாக்கியத்திலேயே அவனைக் கொல்லப்போகிறார்கள் என்று சொல்லிவிடுகிறார். முடிவைக் கையில் கொடுத்துவிட்டு நூற்றுச் சொச்சம் பக்கம் நம்மை நடக்கவைக்கிறார். எல்லாருக்கும் தெரிந்திருந்தும் யாரும் தடுக்கவில்லை. படிக்கிற நமக்கும்தான் தெரிந்திருக்கிறது.

எல்லாரும் முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று விதி போடவில்லை. அடித்தவன் சாகும்வரை அடிபட்டவள் எழுதக் கூடாது என்றால் அது அநியாயம். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். பலம் உள்ளவருக்காக வாயை மூடுவது பயம். மகனைப் பறிகொடுத்த ஒருத்திக்காகப் பேனாவை வைத்திருப்பது பயமல்ல.

பிப்ரவரி 14, காலை 8.20

நூற்றுச் சொச்சம் என்றது என்னிடம் இருக்கும் பதிப்பு. பக்கக் கணக்கு பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

பிப்ரவரி 19, இரவு 11.10

அந்தக் கதையைத் திரும்ப எழுதினேன். இந்த முறை தங்கை சொல்கிறாள். அவள் வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. அக்கா கருவியை அம்மாவின் காதருகே பிடித்துக்கொள்வாள். தங்கை அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்வாள். அம்மாவிடமிருந்து அவ்வப்போது ஒரு "ம்" வரும். அந்த "ம்" போதும் அவளுக்கு. நிம்மதியாக வைத்துவிடுவாள். அக்கா சொன்ன வாக்கியம் கதையில் இருக்கிறது. ஆனால் இப்போது அதைக் கேட்டவள், "சரி, நேரமாகிறது, நீ தூங்கு" என்று சொல்வதும் இருக்கிறது. நான் உண்மையில் சொன்னது அது.

பழைய கதையைவிட இது அழகு குறைந்தது. முடிவில் யாரும் அழுவதில்லை. படிப்பவருக்கு இந்தத் தங்கையைப் பிடிக்காது. அவளைப் பிடிக்கவைக்க இரண்டு இடத்தில் முயன்றேன், இரண்டையும் அடித்தேன்.

எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 27, மாலை 6.45

பிரதி திரும்பி வந்தது. பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறாள். இரண்டாம் பக்கத்தில், "மாத்திரை எட்டு மணிக்கு அல்ல, பத்துக்கு." மூன்றாம் பக்கத்தில், "கட்டில் அந்த அறையில் இல்லை. கூடத்துக்கு மாற்றியிருந்தோம், நீ அதற்குப் பிறகு வரவில்லை." தன் வாக்கியத்தின் கீழே கோடு போட்டு, "இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்தியின் பக்கத்தில் எழுத்து இன்னும் சிறியது. அழித்து எழுதிய தடம் தெரிகிறது.

"கடைசி ஆறு மாதம் 'ம்' சொன்னது நான்."

அதைக் கதையில் சேர்க்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.